விடைத்தாளின் கதிரை

ஒரு கணித நிறுவலின் எல்லா வரிகளையும் பார்த்தாயிற்று. ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. பிழை என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வரிகூட அகப்படவில்லை. ஆனாலும் மனம் ‘இது பிழை’ என்கிறது. அப்போது எதை நம்புவது, வரிகளையா மனதையா? கணித அளவையியலைப் படித்தேன், பிறகு அதையே படிப்பித்தேன். இந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

எங்கள் கணிதத் துறையின் மாணவர் சஞ்சிகையில் ஓய்வுபெற்றவர்களுக்கு என்று ஒரு பகுதி உண்டு. இந்த முறை அதற்கு என்னை எழுதக் கேட்டார்கள். எனக்கு இன்னும் நரை வரவில்லை. தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்து, மகள் பிறந்தபின் விலகியவள், அவ்வளவுதான். ஓய்வூதியம் எடுக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள் என்றேன். தொலைபேசியில் பேசிய மாணவி விடவில்லை. “அக்கா, வேலையை விட்டிட்டு வீட்டில இருக்கிற ஆக்கள் எல்லாரும் ஓய்வுதானே” என்றாள். அந்த நேரம் மூன்று வயது ரெபி என் முதுகில் ஏறி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டதற்கு ஒரு காரணமும் இருந்தது. இந்த ஆண்டிலிருந்து அளவையியல் பயிற்சிகளைக் கணினி சரிபார்க்கிறதாம். மாணவர் ஒரு நிறுவலைத் தட்டச்சு செய்தால், அது வரி வரியாகப் போய்ப் பிழையான வரியில் சிவப்பு அடையாளம் போடுமாம். அதற்கு முன் துறையில் இரண்டு கதிரைகளை வைத்து ஏதோ செய்தார்களாமே, அது என்ன என்று பிள்ளைகள் அறிய விரும்பினார்கள். சொல்கிறேன். அந்தக் கதிரைகளைப் பற்றிச் சொல்லவேண்டிய தேவை எனக்கும் இப்போது வந்திருக்கிறது.

நான் விடத்தல்தீவில் பிறந்தவள். இடம்பெயர்ந்த காலத்தில் பள்ளிக்கூடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. சமூகக்கல்வியில் ஒரே பாடத்தை மூன்று இடத்தில் படித்தேன், வேறு சிலவற்றைப் படிக்கவே இல்லை. கணிதத்தில் அந்த ஓட்டைகளை நானே அடைத்துக்கொள்ள முடிந்தது. அதனால் அதைப் பிடித்துக்கொண்டேன். உயர்தரம், பல்கலைக்கழகம், கணிதச் சிறப்புப் பட்டம் என்று வரிசையாகப் போனது. மூன்றாம் ஆண்டில் அளவையியல் வந்தது. மற்றப் பாடங்களில் நிறுவல்களைக் கொண்டு எண்களைப் பற்றியும் வடிவங்களைப் பற்றியும் பேசுவோம். இந்தப் பாடத்தில் நிறுவலையே மேசையில் கிடத்தி, அது எதனால் ஆனது, அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று பார்ப்போம். என்னைப்போல எதையும் இரண்டு தரம் பூட்டிப் பார்க்கிற ஆளுக்கு அது சொந்த வீடு மாதிரி இருந்தது.

அதைப் படிப்பித்தவர் எங்கள் மேடம். பெயர் எழுதினால் கோபிப்பார், மேடம் என்றே விடுகிறேன். உரத்துப் பேசமாட்டார், அவசரப்படமாட்டார், புகழவும் மாட்டார். பக்கத்தை மூன்றாகப் பிரித்துத்தான் அவருக்கு நிறுவல் எழுத வேண்டும். இடப்பக்கம் வரி இலக்கம், நடுவில் கூற்று, வலப்பக்கம் காரணம். எடுகோள்கள் எல்லாம் மேலே ஒரு பெட்டிக்குள். பெட்டிக்குள் இல்லாத ஒன்றைக் கீழே பாவித்தால் அந்த வரியோடு வாசிப்பதை நிறுத்திவிடுவார். என் முதலாவது பயிற்சியில் ஒரு வரியின் வலப்பக்கத்தில் ‘தெளிவானது’ என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, “ஆருக்கு?” என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அந்த ஒரு சொல்லை நிரப்ப எனக்கு ஒரு வார இறுதி போனது. தெளிவு என்று நான் நினைத்த இடத்தில்தான் முழு வேலையும் இருந்தது.

பட்டம் முடிந்ததும் அவருக்குக் கீழேயே வேலை கிடைத்தது. முதல் வகுப்புக்குக் குறிப்புத்தாளைக் கையில் பிடித்தபடியே போனேன். இல்லாத பொருளைப் பற்றிய ‘எல்லாம்’ என்ற கூற்று எப்போதும் உண்மை என்று விளக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்து உதாரணம் ஒன்றைச் சொன்னேன். “இந்த வகுப்பறையில் நிற்கும் எல்லாக் கழுதைகளும் பச்சை நிறம். இது உண்மையான கூற்று. ஏனென்றால் பச்சை இல்லாத ஒரு கழுதையை இங்கே உங்களால் காட்ட முடியாது.”

பின்னாலிருந்து ஒருவன் எழும்பினான். “மிஸ், இஞ்ச கழுதை இல்லையெண்டு முதல் நிறுவுங்கோ. கடைசி வாங்கைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ.”

கடைசி வாங்கில் இருந்தவர்கள் மேசையில் தட்டினார்கள். நானும் சிரித்துவிட்டேன். குறிப்புத்தாளை மேசையில் வைத்துவிட்டேன். அதுமட்டுமல்ல, அவன் கேட்டது சரியான கேள்வி. வகுப்பறையில் கழுதை இல்லை என்பதை நான் பெட்டிக்குள் எழுதவில்லை.

இனிக் கதிரைகள். விடைத்தாள் திருத்தும் அறையில் யன்னல் ஓரமாக ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் இருந்தன. ஒன்று பிளாஸ்ரிக். மற்றது மெத்தை கிழிந்த இரும்புக் கதிரை. இரும்புக் கதிரைக்கு ‘விடைத்தாளின் கதிரை’ என்று பெயர். யாராவது ஒரு விடையைப் பிழை என்று சொன்னால், சொன்னவர் உடனே எழும்பி அதில் போய் இருக்க வேண்டும். அதில் இருக்கும்வரை அந்த விடைக்காக மட்டுமே பேசலாம். எதிரே இருப்பவர் தாக்குவார், இவர் காப்பாற்ற வேண்டும். பிறகு கதிரை மாற வேண்டும். இரண்டு பக்கமும் இருந்து பார்த்த பிறகுதான் பென்சில் எடுக்கலாம். அப்போதும் ‘பிழை’ என்று பொதுவாக எழுத முடியாது. எந்த வரி என்று கீறிக் காட்ட வேண்டும். மேடம் அடிக்கடி கேட்ட கேள்வியும் அதுதான்: “எந்த வரி?”

நான் மறக்காத விடைத்தாள் ஒன்று உண்டு. இறுதி ஆண்டுப் பரீட்சை. விடைத்தாளில் பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும்தான். மற்ற வினாக்களின் புள்ளியைக் கூட்டிப் பார்த்தால், இந்த ஒரு விடை சரியென்றால் அந்தப் பிள்ளை சித்தியடையும், இல்லையென்றால் அடுத்த ஆண்டு திரும்ப எழுத வேண்டும். வினா இதுதான்: கூற்றுகளை ‘மற்றும்’, ‘அல்லது’ என்ற இரண்டு இணைப்புகளால் மட்டும் இணைத்து ‘இல்லை’ என்பதை ஒருபோதும் ஆக்க முடியாது என்று நிறுவுக.

விடயம் கடினமானது அல்ல. உண்மையான கூற்றுகளை எத்தனை தரம் ‘மற்றும்’, ‘அல்லது’ போட்டு இணைத்தாலும் வருவது உண்மையாகவே இருக்கும். ‘இல்லை’ என்பதோ உண்மையைப் பொய்யாக்கும். ஆகவே அது இந்த இரண்டிலிருந்தும் வராது. ‘எத்தனை தரம் இணைத்தாலும்’ என்பதை எப்படி நிறுவுவது என்பதுதான் வேலை. நாங்கள் படிப்பித்தது கீழிருந்து ஏறும் முறை. மிகச் சிறிய கூற்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இணைப்பிலும் உண்மை கெடாது என்று காட்டிக்கொண்டே மேலே போக வேண்டும். புள்ளித்திட்டமும் அந்தப் படிகளுக்குத்தான் இருந்தது.

இந்தப் பிள்ளை ஏறவே இல்லை. எதிர்ப்பக்கமாக வந்திருந்தது. அப்படி இணைத்ததில் உண்மை கெட்டுப் பொய்யாகிப்போன கூற்று ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அப்படிக் கெட்டவற்றில் முதலாவதை எடுப்போம் என்று தொடங்கியிருந்தது. இணைக்காத தனிக் கூற்றுகள் எல்லாம் உண்மை என்பதால், அது இரண்டு சிறிய கூற்றுகளை இணைத்து வந்தது. கெட்டவற்றில் இதுவே முதலாவது என்பதால் அந்தச் சிறியவை இரண்டும் கெடாதவை. கெடாத இரண்டை இணைத்தால் கெடாது. ஆகவே இதுவும் கெடவில்லை. முரண்பாடு. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கேயோ வழுக்குகிறது என்று தோன்றியது. “இது பிழை போல கிடக்கு, மேடம்” என்றேன்.

மேடம் இரும்புக் கதிரையைக் காட்டினார். போய் இருந்தேன்.

“கெட்டவற்றில முதலாவது எண்டு எழுதியிருக்கு” என்று மேடம் தொடங்கினார். “எதில முதலாவது? பஸ்ஸில ஏறின வரிசையிலயோ?”

நீளத்தில், என்றேன். எல்லாவற்றிலும் நீளம் குறைந்த கெட்ட கூற்று.

“அது விடைத்தாளில இருக்கோ?”

இல்லை, ஆனால் வேறு அர்த்தம் எடுக்க முடியாது என்றேன்.

“அப்ப நீர் சொல்லுறீர். விடைத்தாள் சொல்லேல்லை. அந்தக் கதிரையில இருந்தா விடைத்தாளில இருக்கிறதைத்தான் சொல்லலாம், பிள்ளை.”

மனம் வழுக்கிய இடம் அதுதான் என்று விளங்கியது. ஒரு ஒழுங்கைச் சொல்லாமல் ‘முதலாவது’ என்று சொல்ல முடியாது. கதிரை மாறினோம். பிளாஸ்ரிக் கதிரையில் நான் அந்த வரியைக் கீறத் தயாராகப் பென்சிலோடு இருந்தேன். மேடம் இரும்புக் கதிரையில் இருந்து விடைத்தாளை ஒரு பக்கம் பின்னோக்கிப் புரட்டினார். அதே வினாவின் முதற்பகுதியில் ஒரு கூற்றின் நீளம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை சரியாக எழுதியிருந்தது. இணைத்து வருவது இணைக்கப்படுபவற்றைவிட எப்போதும் நீளமானது என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தது. அந்த வரியை யாரும் கேட்கவில்லை. தேவைப்படும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

“இனிச் சொல்லும். எந்த வரி?”

என்னால் காட்ட முடியவில்லை. முதற்பகுதியைப் பார்க்கவும் என்று ஒரு சொல் எழுதாதது குறைதான். அதற்குப் புள்ளியில் சிறிய கழிவு. பிழை என்று கீற ஒரு வரி இல்லை. ஆனாலும் நான் இன்னும் தலையை ஆட்டவில்லை. எனக்குப் பிழையாகவே தோன்றுகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று உள்ளபடி சொன்னேன். மேடம் கோபிக்கவில்லை.

“தோன்றினாத் தேடும். தேடுறதுக்கு ஒரு நேரம் வையும். அந்த நேரத்துக்குள்ள வரி வந்தாக் கீறும். வராட்டி கையெழுத்து வையும். சும்மா தோன்றுதெண்டு ஒரு பிள்ளையின்ர ஒரு வருசத்தை மேசையில வைச்சிருக்க உமக்கு உரிமை இல்லை.”

அவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை தேடினேன். வரி வரவில்லை. கையெழுத்து வைத்தேன். அந்தச் சுட்டெண் யாருடையது என்று இன்றும் தெரியாது.

இதில்தான் என் குழப்பம் இருக்கிறது. மனம் வழுக்குகிறது என்று சொன்னபோது உண்மையில் ஒரு இடைவெளி இருந்தது, ‘முதலாவது’ என்ற சொல்லில். அந்த அளவில் மனம் சரி. இடைவெளி அடைபட்ட பிறகும் மனம் அதையே சொன்னது. அந்த அளவில் மனம் பிழை. எந்த நேரம் எது என்று முன்கூட்டியே அறிய எனக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

திருமணமாகி வங்காலைக்கு வந்தேன். கணவரின் பெயர் அன்ரன். அடம்பன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர். ரெபி பிறந்தாள். பிரசவ லீவு முடிகிற தறுவாயில் அவளுக்குக் காய்ச்சல் வந்து, மடியில் கிடந்தபடியே வலிப்பு வந்தது. கண் செருகி, கை கால் இழுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கேட்காமல் கிடந்தாள். மன்னார் ஆஸ்பத்திரியில் வைத்தியர் பார்த்துவிட்டு, காய்ச்சலோடு சில பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டு, பெரும்பாலும் வளர வளரப் போய்விடும் என்று விளக்கினார். நான் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் விலகல் கடிதம் அனுப்பினேன். யாரும் அனுப்பச் சொல்லவில்லை. மறிக்கவும் இல்லை.

அதன்பிறகு அவளுக்கு வலிப்பு வரவில்லை. நான் மட்டும் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதை விடவில்லை.

இப்போது மேடம் தொலைபேசியில் எடுத்துச் சொன்னார். மேற்படிப்புக்கு ஓர் இடம் இருக்கிறது, அளவையியலில் ஆய்வு செய்யலாம், தானே வழிகாட்டுவதாக. கிழமையில் மூன்று நாட்கள் பல்கலைக்கழகத்தில் நிற்க வேண்டும். மன்னாரிலிருந்து பூநகரி வழியாகப் பஸ், அங்கே ஒரு அறை. ரெபியை அன்ரனும் அவரின் அக்கா ஜெசிந்தா மச்சாளும் பார்ப்பார்கள். மச்சாள் அடுத்த வளவில் இருந்து தையல் தைக்கிறவர். ரெபி பாதி நாள் அங்கேதான் நிற்பாள்.

அன்ரனிடம் கேட்டால், “உம்மட விருப்பம்” என்றார். நான்கு நாள் கேட்டேன், நான்கு நாளும் அதையே சொன்னார். உம்மட விருப்பம் என்பது ஒரு நிறுவலில் எந்த நிரலுக்குள்ளும் வராது. போகவேண்டாம் என்று அவர் மனதில் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, விறாந்தையில் இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டேன். ஒன்றைக் காட்டி, இது விடைத்தாளின் கதிரை, நான் போகவேண்டாம் என்று நினைக்கிறவர் இதில் இருந்துகொண்டு ‘போகவேண்டும்’ என்ற பக்கத்துக்காகப் பேசவேண்டும் என்றேன்.

“பள்ளிக்கூடத்தில நான் பிள்ளையளை எழுப்பித்தான் விடுறனான், இருத்துறேல்லை” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மச்சாள் மீன் வெட்ட வந்தவர் கத்தியோடு நின்று பார்த்தார்.

நான் தாக்கினேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால்?

“மருந்து குடுப்பம். நனைச்சுத் துடைப்பம். கூடினா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். நீர் செய்யிறதைத்தான் நாங்களும் செய்வம்.”

நான் இருக்கமாட்டேனே, என்றேன்.

அவர் கதிரையில் முன்னுக்குச் சரிந்து இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அண்டைக்கு அவள் உம்மட மடியிலதானே கிடந்தவள். நீர் பக்கத்திலதானே இருந்தனீர்.”

அது எனக்கு அடித்ததுபோல இருந்தது. அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை, கதிரைக்காகப் பேசினார். ‘நான் பக்கத்தில் இருந்தால் அவளுக்கு ஒன்றும் வராது.’ விலகல் கடிதத்துக்கும் அதன்பின் வந்த ஒவ்வொரு நாளுக்கும் அடியில் இருந்த எடுகோள் அதுதான். அதை நான் ஒருநாளும் பெட்டிக்குள் எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றைக்கே கண்டிருப்பேன். அந்த எடுகோள் பிறக்கும்போதே அதற்கு எதிர் உதாரணம் என் மடியில் கிடந்தது.

கதிரை மாறினோம். இப்போது நான் போகவேண்டும் என்பதற்காகப் பேசவேண்டும், அவர் தாக்கவேண்டும். அவர் தாக்கியது நான் நினைக்காத இடத்தில்.

“அவளுக்கு வலிப்பு வந்தா, நான் தனிய நிண்டா, எனக்குப் பயம்” என்றார். “அண்டைக்கு நீர்தான் பிள்ளையைச் சரிச்சுப் படுக்க வைச்சனீர். நான் கதவடியில நிண்டனான்.”

இத்தனை காலமும் அதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, நான்கு நாளாக ‘உம்மட விருப்பம்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் பதில் சொல்லும்முன் மச்சாள் கத்தியை நீட்டினார். “எட தம்பி, அப்ப அதைப் பழகு. எனக்கும் காட்டித் தரச் சொல்லு. இதுக்கேன் ரெண்டு கதிரை?” அதற்கிடையில் ரெபி ஓடிவந்து, “நானும் இருக்கப் போறன்” என்று என்னைத் தள்ளிவிட்டு விடைத்தாளின் கதிரையில் ஏறி இருந்துகொண்டாள். வழக்கு அதோடு முடிந்தது.

அன்று பின்னேரம் பாயை விரித்து, பொம்மையை வைத்து, பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைப்பது எப்படி, வாய்க்குள் ஒன்றும் வைக்காமல் இருப்பது, நேரத்தைப் பார்ப்பது என்று வைத்தியர் சொன்ன எல்லாவற்றையும் இருவருக்கும் காட்டினேன். அன்ரன் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். விஞ்ஞான ஆசிரியர் செய்து பார்த்தால்தான் நம்புவார். அடுத்த கிழமை தானே கிளினிக்குக்குப் போய்த் தாதியிடம் கேட்டுச் சரிபார்த்தும் வந்தார்.

நான் போகப்போகிறேன். விண்ணப்பம் அனுப்பியாயிற்று. பதிவு அடுத்த மாதம். படிப்பதற்கு ஒரு பிரச்சினையும் எடுத்துவைத்திருக்கிறேன். ரெபி மச்சாளின் தையல் மெசினடியில் நிற்கும் நேரங்களில் அதில் ஒரு துணைத்தேற்றத்தைத் தொடங்கியும்விட்டேன். வலப்பக்க நிரலில் ‘தெளிவானது’ என்று ஓரிடத்திலும் இல்லை.

ஆனாலும் மனம் இன்னும் சொல்கிறது. அவளின் உடுப்புகளை மடிக்கும்போது சொல்கிறது. ஒவ்வொரு வரியாகப் பார்க்கிறேன். பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், செய்யவேண்டியதை அறிந்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி கிட்ட இருக்கிறது, நான் கிழமைக்குக் கிழமை வருவேன். கீற ஒரு வரி இல்லை. எனவே மேடம் சொன்னபடி தேடுவதற்கு ஒரு நேரம் வைத்திருக்கிறேன். பதிவு நாள் வரை.

தம்பி தங்கைமாரே, சிவப்பு அடையாளம் போடும் உங்கள் கணினிக்கு இதைக் கொடுக்க முடியாது. ஆகவே உங்களைக் கேட்கிறேன். இதை வாசிக்கும் தாய்மாரையும் தகப்பன்மாரையும் விசேடமாகக் கேட்கிறேன். தயவுசெய்து இரும்புக் கதிரையில் ஒருமுறை இருந்து எனக்காகப் பேசிப் பாருங்கள், பிறகு மாறி இருந்து தாக்குங்கள். ‘கவனம்’, ‘யோசித்துச் செய்யுங்கள்’ என்று எழுதவேண்டாம், அது எனக்கு நன்றாக வரும். நான் எழுதாமல் விட்ட எடுகோள் இன்னும் ஒன்று இருந்தால் எந்த வரியில் என்று காட்டி எழுதுங்கள். அப்படி ஒன்றும் அகப்படாதவர்கள், மூன்று வயதுப் பிள்ளையிடம் மூன்று நாளைக்கு விடைபெறும்போது வாசலில் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று எழுதுங்கள். அந்த வரிதான் எனக்கு இன்னும் வரவில்லை.